கேஸ் பாய்க்கு இரண்டு பிறந்தநாள்

"சோப்புத் தண்ணி கொண்டா, கண்ணு" என்று குரல் கொடுத்துவிட்டு ரஹமத்துல்லா அடுப்படியில் குந்துகிறார். சிலிண்டரின் மூடியை இழுத்தெடுத்து, உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று சுண்டுவிரலால் துழாவுகிறார். ரெகுலேட்டரைப் பொருத்துகிறார். அந்த வீட்டுப் பிள்ளை கிண்ணத்தில் கலக்கிக் கொண்டுவந்த நுரையை அதன் வாயைச் சுற்றித் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். ஒரு குமிழி வந்தாலும் போச்சு, அந்த வீட்டைவிட்டு நகரமாட்டார். அடுத்த வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்தினாலும் காதில் வாங்கமாட்டார். வரவில்லை என்றால் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "ஆச்சுங்க அம்மணி. இனிப் பயமில்லாம ஆக்குங்க" என்பார்.

ஏற்காட்டில் இருபத்தாறு வருடங்களாக கேஸ் சிலிண்டர் கொண்டுபோய்ப் போடுகிறார். மலை முழுக்க அவருக்கு ஒரே பெயர்தான், கேஸ் பாய். ஊர் நடுவில் இருக்கும் ஒண்டிக்கடையில் வண்டியை எடுத்தால் கொட்டச்சேடு, தலைச்சோலை என்று காப்பித் தோட்டங்களுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வருவார். ஏற்றத்தில் வண்டி திணறினால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "வா சாமி, இன்னும் ஒரு வளைவுதான்" என்று கெஞ்சுவார். வண்டி போகாத இடத்துக்குத் தோள்தான். அவருடைய காக்கிச் சட்டைகள் எல்லாம் இடது தோளில்தான் முதலில் கிழியும். மனைவி ஜைனப் சட்டையின் அடிப்பக்கத்திலிருந்து துணியை வெட்டித் தோளுக்கு ஒட்டுப் போடுவார். அதனால் பழைய சட்டை எல்லாம் குட்டைச் சட்டை.

கல்யாண வீட்டில் அத்தர் பூச வருபவரைக் கண்டால் ரஹமத்துல்லா பந்தலுக்கு வெளியே போய்விடுவார். "மூக்குதானுங்க எனக்குச் சோறு போடுது. அதைக் கெடுத்துக்கக் கூடாது" என்பது அவர் கட்சி. அறுபதை நெருங்கும் அந்த மூக்கு, வாசலில் நின்றபடியே அடுப்படிக் கசிவைக் கண்டுபிடிக்கும்.

தபால்காரர் வாசலோடு நின்றுவிடுவார். பால்காரரும் அப்படித்தான். ஒரு வீட்டின் அடுக்களை வரைக்கும் போய்த் தரையில் உட்கார்ந்து எழுந்து வரும் வெளி ஆள் இவர் ஒருவர்தான். யார் வீட்டில் அரிசி டப்பா காலி, யார் வீட்டில் அடுப்பு பற்றவைத்து மூன்று நாள் ஆயிற்று, எந்த மருமகள் அழுதுவிட்டு முகம் கழுவியிருக்கிறாள், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததை இன்னொரு வீட்டில் சொன்னதாக இதுவரை ஒரு புகார் இல்லை.

அவருக்கு இரண்டு பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார், வந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். பிறகு சேலத்தில் லைசென்ஸ் எடுக்கப் போனபோது, சான்றிதழ் கைவசம் இல்லாததால், விண்ணப்பம் எழுதிக்கொடுத்த ஆள் தன் இஷ்டத்துக்கு ஆகஸ்ட் இருபது என்று போட்டுவிட்டான். அவரைப் பெற்ற அம்மாவைக் கேட்டால், தோட்டம் பூராவும் வெள்ளையாகக் காப்பிப் பூ பூத்திருந்தது என்று மட்டும்தான் சொன்னாராம். காப்பி பூப்பது ஜூனிலும் இல்லை, ஆகஸ்டிலும் இல்லை. ஆக, இரண்டு பிறந்தநாளுமே பொய். அந்த இரண்டு பொய்யான தேதிகளின் புண்ணியத்தில் இன்று மலையில் ஏழு வீடுகள் நிற்கின்றன. முதல் இரண்டு தலைச்சோலையில் எழும்பியவை; மற்றவை அடுத்தடுத்த வருடப் பிறந்தநாள்களில் வந்தவை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜூன் ஒன்றாம் தேதி காலையில் தலைச்சோலைக்குச் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு போனார் ரஹமத்துல்லா. அங்கே ஓர் எஸ்டேட் கைமாறியிருந்தது. வாங்கியவர்கள் சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டுவதற்காக, தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளைத் தேடிப் போய்விட்டார்கள். வேடியப்பன், அவர் மனைவி பூவாயி, இரண்டு பெண் பிள்ளைகள், புருஷனை இழந்த அவர் தங்கை பொன்னாயி, பொன்னாயியின் ஒரே மகள் ஆகியோருக்குப் போக இடம் இல்லை. அண்ணனுக்கு இரண்டு சென்ட், தங்கைக்கு இரண்டு சென்ட் என்று அரசாங்கம் பக்கத்துப் பக்கத்தில் பட்டா கொடுத்திருந்தது. அந்த நாலு சென்டின் நடுவில் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு ஆறு பேரும் அதற்குள் இருந்தார்கள்.

ரஹமத்துல்லா குனிந்து உள்ளே பார்த்தார். அடுப்பு வைக்கச் செங்கல் அடுக்கித் தயாராக இருந்தது. மேலே, கையெட்டும் உயரத்தில், பிளாஸ்டிக் கூரை.

"இதுக்குள்ள மாட்ட முடியாதுங்க அம்மணி. தீ மேல எட்டிப் பிடிச்சுதுன்னா எந்திரிச்சு ஓடக்கூட நேரமிருக்காது."

பூவாயி கெஞ்சவில்லை. "சரிங்க பாய். ஊடு வந்ததுக்கப்புறம் கொண்டாங்க" என்றாள்.

"அரசாங்கத்துல ஊடு கட்டப் பணம் தர்றாங்களே, எழுதிக் குடுக்கலியா?"

"குடுத்து, பேரும் வந்துருச்சுங்க. ஆனா அஸ்திவாரத்துக்கு மேல பேஸ்மட்டம் போட்டுக் காட்டுனாத்தான் முதல் பணம் வருமாம். பேஸ்மட்டம் போடக் காசிருந்தா நாங்க ஏனுங்க அவங்ககிட்டப் போறோம்?"

சொல்லிவிட்டு அவள் ஈர விறகை ஊத உட்கார்ந்துவிட்டாள். ரஹமத்துல்லா முழுச் சிலிண்டரைத் தோளில் ஏற்றித் திரும்ப வண்டிக்கு நடந்தார். வீட்டில் ஆள் இருந்தும் முழுச் சிலிண்டரோடு திரும்பியது அவருடைய இத்தனை வருட வேலையில் அதுதான் முதல் தடவை. அவர் செய்தது சரிதான். சட்டமும் அதுதான், புத்தியும் அதுதான். 

சாயங்காலம் ஒண்டிக்கடையில் வண்டியை நிறுத்தினால், பேக்கரி பொன்னுவேல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஆயிஷா, அப்பாவுக்குத் தெரியாமல் போனில் ஒரு கேக்குக்குச் சொல்லியிருந்தாள். ரோஸ் நிறத்தில் அவர் பெயர் எழுதிய கேக். ஆட்டோக்காரர்கள், கடைக்காரர்கள் என்று இருபது பேர் கூடிவிட்டார்கள். பிறந்தநாள் என்று ஒன்றை ரஹமத்துல்லா அதுவரை கொண்டாடியதில்லை. கூச்சத்தில் காது சிவக்க, கத்தியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாய், இன்னிக்கு நீங்க என்ன கேட்டாலும் தருவோம். கேளுங்க" என்று ஓர் ஆட்டோக்காரர் கிண்டலாகச் சொன்னார்.

"பேஸ்மட்டம் வேணும்" என்றார் ரஹமத்துல்லா.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காலையில் பார்த்ததை அப்படியே சொன்னார். கேக்கைத் துண்டு போட்டு ஒவ்வொருவர் கையிலும் வைத்து, "தின்னுங்க. ஆனா தின்னுட்டுச் சும்மா போகக் கூடாது" என்றார். கேக் வந்த அட்டைப் பெட்டிதான் உண்டியல் ஆயிற்று. இரண்டு வீட்டுக்கும் பேஸ்மட்டம் எழுப்பக் கூட்டத்தில் இருந்த கொத்தனார் சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அன்றைக்கே சேர்ந்தது.

இந்த இடத்தில்தான் காரியம் கெட்டது. பொன்னுவேலும் ஆட்டோக்காரர்களும் நல்ல எண்ணத்தோடு ஒரு வேலை செய்தார்கள். தார்ப்பாய்க்குள் பூவாயி குனிந்து அடுப்பு ஊதுவதை யாரோ போனில் படம் பிடித்துவந்திருந்தார்கள். அதைப் பெரிதாக்கி, 'இந்த ஏழைகளுக்கு உதவுங்கள்' என்று ஃப்ளெக்ஸ் அடித்து, பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டார்கள். ரஹமத்துல்லாவும் பார்த்தார். நல்லதுதான் என்றே நினைத்தார்.

மூன்றாம் நாள் வேடியப்பன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஃப்ளெக்ஸின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் நேராகக் கேஸ் வண்டிக்கு வந்தார். குரல் உயரவில்லை.

"பாய், எம் பொண்டாட்டி படத்தைப் பஸ் ஸ்டாண்டுல கட்டி வெச்சிருக்கீங்க. முப்பது வருசம் காப்பிச் செடி வெட்டுன கையுங்க இது. இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் நீட்டுனதில்லீங்க. எனக்கு அந்த ஊடு வேண்டாம்."

பதிலுக்குக் காத்திருக்காமல், வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார்.

ரஹமத்துல்லா வண்டியை ஃப்ளெக்ஸுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். சிலிண்டர் அடுக்கின் மேல் ஏறி, கம்பிகளைக் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக வெட்டினார். "நாலு பேரு பாத்தாத்தானே பாய் பணம் வரும்" என்று பொன்னுவேல் கீழே இருந்து கத்தினார். ரஹமத்துல்லா காதில் வாங்கவில்லை. இறங்கி, ஃப்ளெக்ஸைச் சுருட்டி சீட்டுக்குப் பின்னால் செருகினார். இத்தனை வருடம் எத்தனையோ அடுப்படிகளைப் பார்த்தும் வாய் திறக்காதவர், ஓர் அடுப்படியைப் பஸ் ஸ்டாண்டில் விரித்துவிட்டோமே என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை சிலிண்டர் ஏற்றுவதற்கு முன்னால் வெறும் வண்டியோடு தலைச்சோலைக்குப் போனார். வேடியப்பன் கல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். ரஹமத்துல்லா எதிரில் தரையில் குந்தினார்.

"தப்பு என்னுதுங்க. உங்களுக்குன்னு கேட்டேன் பாருங்க, அங்கதான் தப்பு. இனிமே எனக்குன்னு கேக்கறேன்."

வேடியப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"பொறந்தநாளு என்னுதுங்க. வர்ற பரிசும் என்னுது. உங்க பேரு யாரு வாய்லயும் வராது. என் பரிசை நான் யாருக்குக் குடுத்தா ஊருக்கு என்னங்க?"

"அதான் உங்க பொறந்தநாளு முடிஞ்சுபோச்சே" என்றாள் பூவாயி, தார்ப்பாய்க்குள் இருந்து.

ரஹமத்துல்லா எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினார். அன்று மதியம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது ஜைனப்பிடம் சொன்னார். ஜைனப் எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த காக்கிச் சட்டையின் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உங்களுக்குத்தான் இன்னொண்ணு இருக்குதே. படிச்சுப் பாருங்க."

ஆகஸ்ட் இருபது. அன்று மாலை மறுபடியும் தலைச்சோலைக்குப் போய் அந்த லைசென்ஸை வேடியப்பனிடமே காட்டினார். வேடியப்பன் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார். "அப்ப அன்னைக்கு நானும் உங்களுக்கு ஒரு பரிசு தருவனுங்க. வேண்டாங்கக் கூடாது" என்றார்.

அந்த ஆகஸ்ட் மாதம் ஏற்காட்டுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் நுரையைத் தடவி, குமிழி பார்த்து, எழுந்து முழங்காலைத் தட்டியதும் ரஹமத்துல்லா ஆரம்பித்துவிடுவார்.

"ஏனுங்க, வர்ற இருபதாந் தேதி எனக்குப் பொறந்தநாளுங்க."

"போன ஜூன்லதானே பாய் பொறந்தீங்க?"

"அது பள்ளிக்கூடத்துக்குங்க. இது கவருமெண்டுக்கு."

"ரெண்டுல எது நிஜம்?"

"ரெண்டும் இல்லீங்க. ஆனா வயசு நிஜம். அம்பத்தஞ்சு வருசமா ஒரு பொறந்தநாளுக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. அத்தனைக்கும் சேத்து இந்தத் தடவை கேக்கறேன்."

யாருக்கு என்று கேட்டால், "எனக்குத்தானுங்க" என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. கேட்பவர்களுக்கு ஓரளவு தெரிந்தேயிருந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் தோண்டிக் கேட்கவில்லை. இத்தனை வருடம் தங்கள் அடுக்களையில் வந்து உட்கார்ந்து எழுந்த மனிதர், முதல் தடவையாக ஒன்று கேட்கிறார். கொட்டச்சேட்டில் ஒரு ரிட்டையரான டீச்சர், புது ஜன்னல் மாற்றியபோது கழற்றிவைத்த இரண்டு தேக்கு ஜன்னல்களைக் கொடுத்தார். ஒரு பங்களா அம்மாள் பத்தாயிரம் ரூபாயை உறையில் போட்டு, 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று மட்டும் எழுதித் தந்தார். லாரி வைத்திருந்த ஒருவர் இரண்டு லோடு கருங்கல் அடிப்பதாகச் சொன்னார். தையல் மிஷின் வைத்துப் பிழைக்கும் ஒரு பெண் நூறு ரூபாயோடு இடது தோளில் இரட்டைத் துணி வைத்துத் தைத்த ஒரு காக்கிச் சட்டையும் கொடுத்தாள். அதை மட்டும் அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒருவர்தான் கதவைச் சாத்தினார். அவர் சையத் இப்ராஹிம். ரஹமத்துல்லாவின் பெரியப்பா மகன். ஒண்டிக்கடையில் கம்பி, சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். ஐந்து வேளை தொழுகை தவறாதவர், சொன்ன சொல் மாறாதவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது ரஹமத்துல்லாவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏன்டா, வருசத்துக்கு ரெண்டு தடவை பொறக்கறயாமா?"

"காகிதத்துல அப்படித்தான் இருக்குதுங்கண்ணா."

"நம்மள்ல இதெல்லாம் உண்டாடா? இந்த வயசுல கேக்கு வெட்டிக்கிட்டு?"

"கேக்கு வெட்டலீங்கண்ணா. கேக்கத்தான் செய்யறேன்."

சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சையத் இப்ராஹிம் சிரிக்கவில்லை. "உன் பொறந்தநாளுக்கு என் கடையிலிருந்து ஒரு ஆணி கூட வராது. தெரிஞ்சுக்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ரஹமத்துல்லா அதற்காக வருத்தப்படவில்லை. "அண்ணன் நேர் பேச்சுக்காரரு. தரமாட்டேன்னா தரமாட்டாரு. அதுல ஒளிவு மறைவு இல்ல" என்று ஜைனப்பிடம் சொன்னார்.

ஆகஸ்ட் இருபது காலையில் கொத்தனாரை ஏற்றிக்கொண்டு தலைச்சோலைக்குப் போனவர், வண்டியை விட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தார்ப்பாயை மனையின் ஓரத்துக்கு நகர்த்திக் கட்டியிருந்தார்கள். நாலு சென்ட் நிலத்திலும் நூல் பிடித்த மாதிரி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக் கிடந்தது. பாறை கலந்த செம்மண். கடப்பாரை போட்டால் பொறி பறக்கும் தரை. வேடியப்பனும் பொன்னாயியும் ஐந்து நாளாகத் தோண்டியிருந்தார்கள். பூவாயியும் பிள்ளைகளும் மண் சுமந்திருந்தார்கள்.

வேடியப்பன் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். "இதானுங்க பாய், என் பரிசு" என்றார்.

ரஹமத்துல்லா இறங்கி, அந்தப் பள்ளத்துக்குள் குதித்தார். ஒரு மூலையில் ஆரம்பித்து, ஒரு கையால் மண்சுவரைத் தடவிக்கொண்டே இரண்டு வீட்டையும் சுற்றி நடந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றாகவே இருந்தால் கல்லும் சிமெண்டும் மிச்சம் என்று யோசனை சொன்னது பொன்னாயி. "அண்ணனும் தங்கச்சியும்தானுங்க. நடுவுல எதுக்கு ரெண்டு செவுரு?" என்றாள். கொத்தனார் தலையாட்டினார்.

பத்து மணிக்கு ஒரு மினி லாரி உறுமிக்கொண்டு வந்து நின்றது. நாற்பது மூட்டை சிமெண்ட். டிரைவர் இறங்கி, யார் கேஸ் பாய் என்று தெரிந்தும் ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்.

"சையத் இப்ராஹிம் பாய் குடுத்துவிட்டாருங்க. இது உங்க பொறந்தநாளுக்கு இல்லியாம். அல்லாவுக்காகக் குடுத்ததாம். அதைச் சொல்லிட்டுத்தான் இறக்கோணும்னாரு. நான் சொல்லிட்டேன்."

"நானும் கேட்டுட்டேன். இறக்குங்க சாமி" என்றார் ரஹமத்துல்லா. முதல் மூட்டையை அவரே தோளில் வாங்கினார்.

செப்டம்பர் கடைசியில் இரண்டு பேஸ்மட்டமும் எழும்பிவிட்டன. அதிகாரி வந்து படம் பிடித்துக்கொண்டு போனார். பணம் உடனே வரவில்லை, ஐப்பசி மழைதான் முதலில் வந்தது. அந்த மழையை ஆறு பேரும் பேஸ்மட்டத்தின் மேலேயே தார்ப்பாயைக் கட்டிக் கழித்தார்கள். மேலே பழைய தார்ப்பாய்தான். ஆனால் சரிவில் ஓடிவந்த தண்ணீர் படுக்கும் பாய்க்குக் கீழே போகாமல், கல்லில் மோதிச் சுற்றிக்கொண்டு போயிற்று. "முதுகு காஞ்சு படுத்தோமுங்க" என்று பூவாயி அந்த மூன்று மாதத்தைப் பற்றி ஒரே வரியில் சொல்கிறாள். கார்த்திகையில் முதல் தவணை வந்தது. பிறகு சுவர். மாசியில் மேல்தளம் போட்டார்கள். டீச்சரின் தேக்கு ஜன்னல்கள் அண்ணன் வீட்டில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று என்று உட்கார்ந்தன.

வைகாசியில் ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் புதுமனை புகுவிழா. காலையில் ரஹமத்துல்லா வந்து இரண்டு அடுக்களையிலும் சிலிண்டர் மாட்டி, நுரை தடவிக் குமிழி பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். பூவாயி பால் காய்ச்சினாள். பந்தியில் அவரைத் தலைவாழை இலைக்கு முன்னால் உட்காரவைத்து, வேடியப்பன் கையாலேயே பரிமாறினார். சையத் இப்ராஹிமும் வந்திருந்தார். நடுச்சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "சிமெண்டைத் திருடாமப் பூசியிருக்கான்" என்று கொத்தனாரைப் பாராட்டினார்.

மதியம் மூன்று மணி இருக்கும். சேர்வராயன் மலை உச்சிப் பக்கம் கறுத்து, கோடை மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. வெளியே நின்றவர்கள் எல்லாம் இலையையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். சின்ன வீடு, நிற்க இடமில்லை. ஒரே சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. மேலே தளத்தில் மழை கொட்டுகிற சத்தம் அதையும் மீறிக் கேட்டது.

ரஹமத்துல்லா மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். அப்புறம் எங்காவது ஒழுகுகிறதா என்று வலது கையை நீட்டி, உள்ளங்கையை மேலே பார்க்க விரித்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டடி நகர்ந்து, நடுச்சுவர் ஓரமாக நின்று பிடித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூலைக்குப் போனார். அங்கேயும் பிடித்தார். சாரலில் தலையைக் குனிந்துகொண்டு பொன்னாயி வீட்டுக்குள் ஓடினார். அந்தக் கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போய், உள்ளே நுழைந்ததும் மறுபடி நீட்டினார். அங்கே எல்லா மூலையும் முடிந்த பிறகு, கையைத் திருப்பாமல் அப்படியே முகத்துக்குக் கொண்டுவந்து, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.